எர்மெக்கைக் கேட்டு வந்தவர்கள்

என் ஓரகத்தி புருல்ச்சா ரொட்டி சுடும் நாளில் எங்கள் தெரு நாய்கள்கூட வேறு வேலைக்குப் போகாது. ஒரு தடவைக்கு இருபத்தைந்து ரொட்டி. அவள் மாவு பிசைவதைப் பார்த்தால் யாரையோ அடித்துத் திருத்துகிறாள் என்று தோன்றும். வாசலில் எட்டு ஜோடி கம்பளி பூட்ஸ் கிடக்கும், ஒன்றுகூட தன் ஜோடியோடு இருக்காது. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது வலது கால் ஒருத்தனுடையதும் இடது கால் இன்னொருத்தியுடையதுமாகப் போகும். சாயங்காலம் அதே பூட்ஸுக்காக அடிதடி நடக்கும்.

அந்த எட்டுப் பிள்ளைகளில் ஒன்றைக்கூட அவள் பெறவில்லை. நான் நாலு பெற்றேன். நாலைக் கட்டி மேய்க்க முடியாமல் நான் தலையில் அடித்துக்கொண்டிருந்தபோது, அவள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ஷார்ஷென், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், பண்ணை ஆடுகளை மேய்ப்பவர், வாய் பேசாத மனிதர். ஆடு விற்க நாரின் பட்டணம் போனவர் ஒருமுறை மூன்று வயதுப் பெண்ணைக் கோட்டுக்குள் வைத்துக் கூட்டி வந்தார். மண் தோண்டிப் பார்க்கிற ரஷ்யர்கள் யாரோ விட்டுப் போனது. பேர் தாமாரா. சோளநாரு மாதிரி தலைமுடி. "ஆடு வித்த காசு எங்க?" என்று புருல்ச்சா கேட்கவேயில்லை. "சாப்பிட்டாளா?" என்றுதான் கேட்டாள். பிறகு ஒரே பிரசவத்தில் பிறந்த இரண்டு பேர், வெள்ளத்தில் குடும்பம் போன ஒருவன், தாய் ஓடிப்போன மூவர்.

"அக்கா, உன் வீட்டுக்கு வழி தவறி வர்ற கன்னுக்குட்டியையும் பேர் வெச்சுச் சேத்துக்குவே போலருக்கே" என்று நான் சொல்வேன்.

"கன்னுக்குட்டி பூட்ஸ் கேக்காது. அது வரட்டும்" என்பாள்.

ஒவ்வொரு பிள்ளை வந்தபோதும் ஆடு அறுத்தாள். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முழங்கால் எலும்பைப் பிள்ளை கையில் பிடிக்க வைத்தாள். எலும்பைப் பிடித்துவிட்டால் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. அப்புறம் யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. ஆனால் பிள்ளைகளுக்கு விவரம் தெரிந்ததும் அவள் ஒன்று செய்வாள். பக்கத்தில் உட்கார வைத்து, நீ இந்த இடத்தில் பிறந்தாய், உன் ரத்தத்து ஆட்கள் இன்னார் என்று தெரிந்த மட்டும் சொல்லிவிடுவாள். தாமாராவுக்கும் "நீ ரஷ்யப் பொண்ணு, உனக்கு எந்தக் கிர்கீஸ் பையனும் ரத்த முறை ஆகமாட்டான், பயமில்லாம கட்டிக்கோ" என்று சொன்னாள். எங்களுக்கு ஏழு தலைமுறைத் தகப்பன்மார் பெயர் முக்கியம். ஏழுக்குள் ரத்தம் கலந்திருந்தால் கல்யாணம் கிடையாது. தெரியாமல் கட்டிக்கொண்டால் குலமே அழியும் என்பார்கள்.

எல்லோருக்கும் சொன்னாள். மூத்தவன் எர்மெக்குக்கு மட்டும் சொல்லவில்லை.

அவனை அவள் கொண்டுவந்தது அறுபத்தெட்டாம் வருஷம், பனி உருகும் காலத்தில். நாரின் ஆஸ்பத்திரியில் மூன்றாவது குழந்தையும் செத்தே பிறந்து, படுத்துக் கிடந்தாள். இனி உனக்குக் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலி. அடுத்த கட்டிலில் கொச்கோர் பக்கத்து ஆட்டுக்காரன் ஒருவனின் பெண்டாட்டி ஆண் குழந்தையைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். குழந்தை கத்திய கத்தலில் புருல்ச்சா எழுந்து போய் எடுத்து மாரில் போட்டுக்கொண்டாள். நான் அப்போது அவளுக்குத் துணைக்கு இருந்தேன், கண்ணால் பார்த்தேன். புருஷன்காரன் ஜப்பார் சுவரோரமாக நின்றான். கையில் சாட்டை, வீட்டில் இரண்டு சின்னப் பையன்கள், மலையில் குட்டி போடும் நிலையில் ஆடுகள்.

"பிள்ளை உன்னுதுதான்மா. திருப்பிக் கேக்க மாட்டேன், சத்தியம்" என்றான். "ஏழு வயசு ஆகட்டும். ஒரே ஒரு தடவை வந்து பாத்துட்டு, ஒரு குதிரைக்குட்டி குடுத்துட்டுப் போறேன். அவ்வளவுதான்."

அவள் தலையை ஆட்டினாள். வரும் வழியில் வண்டியில் என்னிடம் சொன்னாள்: "அவன் கண்ணைப் பாத்தியாடி? வாய் ஒண்ணு சொல்லுது, கண்ணு ஒண்ணு சொல்லுது. வந்தான்னா கொண்டுபோயிடுவான்."

அந்தப் பயம் அவளோடு குடிவந்தது. எர்மெக் வளர வளர அதுவும் வளர்ந்தது. வாசலில் குதிரைச் சத்தம் கேட்டால் முதலில் அவன் எங்கே என்றுதான் பார்ப்பாள். "என் ஆளுங்க யாரு?" என்று அவன் கேட்ட வயதில், "பனிச்சரிவுல எல்லாரும் போயிட்டாங்க, பேர் தெரியாது" என்று சொல்லிவிட்டாள். அவள் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அதுதான்.

என் பொய்யையும் சொல்லிவிடுகிறேன்.

அவனுக்கு ஏழு வயது. அந்தக் குளிர்காலத்தில் ஊரில் அம்மை போட்டு இரண்டு குழந்தைகள் போயிருந்தன. மே மாதம் நான் பாலத்தடியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். ஜப்பார் வந்தான். குதிரையில் அவன், பின்னால் கயிற்றில் ஒரு பழுப்புக் குட்டி, அதன் கழுத்தில் சிவப்புத் துணி. என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

"தங்கச்சி, ஷார்ஷென் வீடு எது? நாரின் ஆஸ்பத்திரியிலேர்ந்து எடுத்துட்டு வந்த பையன் ஒருத்தன் இருப்பானே?"

வாய் முந்திக்கொண்டது. "அந்தப் பையனா? அம்மை போட்டுச் செத்துட்டானே."

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். புருல்ச்சாவுக்காக என்று சொன்னால் பாதி உண்மை. தொல்லை ஒழியட்டும் என்ற சோம்பேறித்தனம் மீதி. அவன் குதிரையிலிருந்து இறங்கினான். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டான். நான் குன்றைக் காட்டினேன். குன்றைப் பார்த்து மண்டியிட்டு இரண்டு கையையும் ஏந்தி ஓதினான், முகத்தைத் தடவிக்கொண்டான், வந்த வழியே திரும்பினான். குட்டி அவன் பின்னாலேயே போனது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், பள்ளிக்கூட முற்றத்தில், எர்மெக் யாருடைய தொப்பியையோ பிடுங்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான்.

நான் புருல்ச்சாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் பயமாவது போயிருக்கும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். நாள் தள்ளிய பேச்சு நாக்கில் வராது.

எர்மெக் நல்ல பையன். மூத்தவன் என்ற பொறுப்பு தானாக வந்தது. தம்பி தங்கைகளுக்கு முடி வெட்டுவான், எல்லாத் தலையும் ஒரே கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். தாமாரா அழுவாள். "அழாத, கிண்ணத்தை மாத்திட்டேன், அடுத்த தடவை பெரிய கிண்ணம்" என்பான். ஆனால் திருவிழாவோ சந்தையோ எங்கே போனாலும் அவன் கண் வேறு எங்கோ அலையும். ஒருநாள் கேட்டேன்.

"என்னடா, யாரைத் தேடற?"

"யாரையும் இல்ல சித்தி. என்னை மாதிரி மூக்கு யாருக்காச்சும் இருக்கான்னு பாக்கறேன்" என்று சிரித்தான். வீட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இருபத்து மூன்று வயதில் மீரிம் என்ற பெண்ணை விரும்பினான். அவளும் கொச்கோர் பக்கம். பெண் கேட்டுப் போனார்கள், நானும் போனேன். மீரிமின் தாத்தா தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, ஏழு தகப்பன் பேரைச் சொல்லு என்றார். எர்மெக் ஷார்ஷெனிலிருந்து தொடங்கி ஏழு பேரையும் தடுமாறாமல் சொன்னான்.

"நல்லாச் சொன்னே தம்பி. அது உனக்குச் சோறு போட்டவங்க ஏழு பேர்" என்றார் கிழவர். "ரத்தத்து ஏழு பேரைச் சொல்லு. நாளைக்கு நீ எங்க குலத்துப் பையன்னு தெரிஞ்சா? பேத்தியை அவ அண்ணனுக்கே கட்டி வெச்ச பாவம் எனக்கு வேணாம்."

எர்மெக் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தான். அவள் கையிலிருந்த ரொட்டித் துண்டைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். ஜப்பார் வேறு குலம். ஒரு பேர் சொன்னால் போதும், கல்யாணம் நடந்திருக்கும். சொன்னால் பையன் அவனைத் தேடிப் போவான், திரும்ப மாட்டான் என்று அவளுக்குப் பயம். பேர் வெளியே வந்தால் ஜப்பார் வருவான், பாலத்துப் பேச்சு வெளியே வரும் என்று எனக்குப் பயம். இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தேநீர் ஆறியது. எழுந்து வந்தோம்.

அடுத்த வசந்தத்தில் மீரிமை வேறு இடத்தில் கொடுத்தார்கள். எர்மெக் அப்புறம் கல்யாணப் பேச்சை எடுக்க விடவில்லை. நிலக்கரி லாரி ஓட்டினான். தம்பி தங்கை எல்லோருக்கும் கல்யாணம் செய்து வைத்தான். ஷார்ஷென் இறந்தபோது, சாவுக்குப் போட்ட கூடாரத்து வாசலில் தடியூன்றி நின்று பெற்ற மகன் மாதிரி கதறினான். முப்பத்தைந்தாவது வயதில், இரண்டாயிரத்து மூன்று மார்ச்சில், தோலோன் கணவாயில் லாரி பனியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டாம் நாள்தான் எடுத்தார்கள்.

முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு உள்ளே அவனைக் கிடத்தினார்கள். புருல்ச்சா அழவில்லை. கறுப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"சாய்கால், எம்புள்ளையைக் கேட்டு யார் வருவா?"

எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால், எங்கள் மண்ணில்தான் புதைப்போம், உங்கள் மண்ணில் விடமாட்டோம் என்று இரண்டு பக்கம் நின்று பிணத்துக்கு மல்லுக்கட்ட வேண்டும். அதுதான் செத்தவருக்கு மரியாதை. என் மாமியார் செத்தபோது பிறந்த வீட்டார் மூன்று ஜீப்பில் வந்து கால்மாட்டுக் கம்பளத்தைப் பிடித்து இழுத்தார்கள். உயிரோடு இருந்தவரை ஒரு பொட்டலம் தேயிலை கொண்டுவந்தவர்களில்லை. இருந்தாலும் இழுத்தார்கள், ஊர் மெச்சியது. யாரும் கேட்காத பிணம் அநாதைப் பிணம்.

"பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல, மாமன் வீடு இல்ல" என்றாள். "இருந்ததையும் நான்தான் மறைச்சேன். போகும்போதாவது அவனைக் கேட்டு நாலு பேர் வரட்டும். கொச்கோருக்கு ஆள் அனுப்பிட்டேன். ஜப்பார் உசுரோடதான் இருக்கானாம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லது செஞ்சே அக்கா" என்றேன்.

மறுநாள் நண்பகல். குதிரை அறுத்தாயிற்று, அண்டாக்களில் கறி வெந்துகொண்டிருந்தது. ஆண்கள் கூட்டம் கூட்டமாக, "என் ஈரக்குலையே!" என்று கதறிக்கொண்டு கூடாரத்தை நோக்கி ஓடி வந்தார்கள். உள்ளே தாமாரா ஒப்பாரி வைத்தாள். சோளநாரு முடியைக் கறுப்புத் துணிக்குள் கட்டிக்கொண்டு, அவள் பாடியதைக் கேட்டுக் கல்லும் கரைந்திருக்கும். அப்போது ஒரு பழைய வெள்ளை வேன் வந்து நின்றது.

முதலில் இரண்டு பேர் இறங்கினார்கள், நாற்பது வயதுக்காரர்கள். அதே மூக்கு. அதே கூடிய புருவம். கூடாரத்துக்குள் கிடந்தவன் இரண்டாக எழுந்து வந்த மாதிரி. இந்த முகத்தைத்தானே அவன் சந்தை சந்தையாகத் தேடினான்! பின்னால் தடியோடு ஜப்பார் இறங்கினான். அவர்கள் கதறவில்லை, ஓடி வரவுமில்லை. வாசலிலேயே நின்றார்கள்.

புருல்ச்சா கூடாரத்திலிருந்து வெளியே வந்தாள். அந்த நேரத்தில் பெண்கள் வெளியே வரக் கூடாது. வந்தாள்.

"வந்துட்டீங்களா?" என்றாள். "கேளுங்க."

ஜப்பார் அவளைப் பார்த்தான். "என்னம்மா கேக்கறது?"

"உங்க புள்ளையைக் கேளுங்க. எங்க மண்ணுக்குக் கொண்டுபோறோம்னு கேளுங்க. நாங்க தரமாட்டோம்னு சொல்லுவோம். சண்டை போடுங்க."

"நேத்து ஆள் வந்து உங்க மகன் செத்துட்டான்னு சொன்னப்போ, எந்த மகன்னு கேட்டேன்மா" என்றான் ஜப்பார். குரலில் கோபம் இல்லை. "என் ரெண்டு மகனும் எதிர்லதான் உக்காந்திருந்தாங்க. மூணாவது பையனுக்கு நான் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடியே ஆடு அறுத்து ஓதி முடிச்சுட்டேன். இந்த ஊருக்கு வந்தேன். குதிரைக்குட்டி கொண்டாந்தேன். பாலத்துல தண்ணி மொண்ட பொண்ணு ஒருத்தி, அம்மை போட்டுச் செத்துட்டான்னு சொன்னா. செத்த புள்ளையை எந்த வாயால மறுபடி கேக்கறது? வளத்தவ நீ. எனக்கு உரிமை இல்ல. ஒரு பிடி மண்ணு போட்டுட்டுப் போறோம்."

அந்தக் காலத்தில் அந்தப் பாலத்தில் தண்ணீர் மொண்டது இரண்டே வீடு. ஒன்று அவள் வீடு, ஒன்று என் வீடு. புருல்ச்சா மெதுவாகத் திரும்பினாள். கூடாரத்து வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். மறுபடி ஜப்பார் பக்கம் திரும்பினாள்.

"அப்போ நான் கேக்கறேன்" என்றாள். "இவர் புள்ளையை இவர் மண்ணுல வைங்க. கொச்கோருக்குக் கொண்டுபோங்க."

என் வீட்டுக்காரர் தடியைத் தரையில் குத்தினார். "அண்ணி! புத்தி பேதலிச்சுப் போச்சா? எங்க அண்ணன் மகன் அவன். எலும்பு பிடிச்சவன். அண்ணன் பக்கத்துல குழி தோண்டியாச்சு!"

"மூடுங்க அந்தக் குழியை. முப்பத்தஞ்சு வருஷம் நான் வெச்சிருந்தது போதும். அவன் ரோட்டையே பாத்துட்டுக் கிடந்தான்."

அதற்குள் தாமாரா கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு வருகிறவள் மாதிரி வந்தாள். பின்னால் மற்ற ஆறு பேர். "தரமாட்டோம்!" என்று கத்தினாள். "எங்க தலைக்கு முடி வெட்டினவன் அவன். எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சவன். யாரு நீங்க? நாங்க ஏழு பேர் குத்துக்கல்லா இருக்கும்போது எவன் வந்து தூக்கறான் பாக்கறேன்!"

புருல்ச்சா உள்ளே போய்த் தலைமாட்டுக் கம்பளத்தைப் பிடித்தாள். பிள்ளைகள் கால்மாட்டைப் பிடித்தார்கள். ஜப்பாரின் இரண்டு மகன்களும் முதலில் திகைத்து நின்றார்கள், பிறகு மூத்தவன், "என் ஈரக்குலையே!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்து புருல்ச்சா பக்கம் பிடித்தான். இது சடங்குக்குப் போட்ட சண்டை இல்லை. இழுத்தார்கள், அழுதார்கள், ஒருவர் கையை ஒருவர் கடித்துவிடுவார்கள் போல இருந்தது. எங்கள் ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் செத்திருக்கிறார்கள். எர்மெக்குக்கு நடந்த சண்டை யாருக்கும் நடந்ததில்லை.

கடைசியில் மௌல்வி தாயின் வார்த்தைதான் வார்த்தை என்று சொல்லிவிட்டார். தாமாரா மண்ணில் உட்கார்ந்து, "நீ எங்க அம்மாவே இல்ல" என்று புருல்ச்சாவைப் பார்த்துச் சொன்னாள். புருல்ச்சா அதையும் வாங்கிக்கொண்டாள். அவனைக் கழுவி, துணி சுற்றி, வெள்ளை வேனில் ஏற்றினார்கள். அவனைக் கொன்ற கணவாய் வழியாகவே கொண்டுபோனார்கள். பெண்கள் குழிக்குப் போவதில்லை. வேன் தெருமுனையில் திரும்பி மறையும் வரை அவள் முற்றத்தில் நின்றாள், அப்புறம்தான் வாய்விட்டு அழுதாள்.

நாற்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. தாமாரா பதினைந்தாம் நாளே வந்து மடியில் விழுந்து அழுதுவிட்டுப் போனாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். நாற்பதாம் நாள் சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு, பாத்திரம் கழுவ நானாகப் போனேன். காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன். அவள் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்னைத் திட்டு. அடி. செருப்பால அடி" என்றேன்.

"நாப்பது நாளா ஒண்ணையே யோசிச்சிட்டிருக்கேன்" என்றாள், என்னைப் பார்க்காமல். "அன்னிக்குப் பாலத்துக்கு உனக்குப் பதிலா நான் போயிருந்தா, அவன்கிட்ட என்னடி சொல்லியிருப்பேன்?"

"நீ உண்மையைத்தான் சொல்லியிருப்பே அக்கா."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இல்லடி. செத்துட்டான்னுதான் சொல்லியிருப்பேன்."

மீதிக் கிண்ணங்களை இரண்டு பேருமாகத் துடைத்து அடுக்கினோம்.